ஒரே டாக்டர், ஒரே மருந்து, இரண்டு அறை

எனக்கு ஏ.சி. போடுகிற தொழில். 22 வருடமாக அடுத்தவர்களின் அறைகளுக்குள் போய் நின்று, காற்று எங்கே விழும், எங்கே தேங்கும், எது ராத்திரியில் சத்தம் போடும் என்று பார்த்துப் பழகியவன். அதனால் இந்த விமர்சனத்தில் டாக்டரைப் பற்றி இரண்டு வரியும் சீலிங்கைப் பற்றி இரண்டு பக்கமும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். எட்டு வருடமாக விடாத மனச்சோர்வு. நான்கு வகை மாத்திரை மாற்றியாயிற்று. கடைசியில் என்னைப் பார்த்துவந்த மனநல மருத்துவர் கெட்டமின் சிகிச்சைக்கு அனுப்பினார். மொத்தம் 6 அமர்வு. ஒவ்வொன்றிலும் கையில் ஊசி போட்டு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. கணக்கில், 40 நிமிடம் மெல்ல மெல்ல டிரிப்ஸ் ஏற்றுவார்கள். முதல் 3 அமர்வு ஒரு மையத்தில். அந்தக் கட்டடத்தில் வயரிங் வேலை ஆரம்பித்துவிட்டதால் மீதி 3 இன்னொரு மையத்தில். இரண்டு இடத்துக்கும் வந்துபோகிற டாக்டர் ஒருவரே. மருந்து அதே, அளவு அதே, ஏற்றுகிற வேகமும் அதே. அறைதான் மாறியது. நர்ஸும் மாறினார், அதை அப்புறம் சொல்கிறேன்.

இரண்டு மையத்தின் பெயரையும் போடப்போவதில்லை. முதலாவதின் பெயரைப் போட்டால் கட்டடத்துக்கு விழவேண்டிய திட்டு தங்கமான டாக்டர் தலையில் விழும். இரண்டாவதின் பெயரை மட்டும் போட்டால் விளம்பரம் என்பீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டமின் என்பது எல்எஸ்டி, சில காளான்களில் இருக்கும் சைலோசைபின் மாதிரி பிரமை காட்டுகிற 'சைக்கடெலிக்' வகையறாவோடு ஒரே பந்தியில் உட்காரும் மருந்தா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவை மூளையில் செரோட்டோனின் ஏற்பிகள் வழியாக வேலை செய்கின்றன. இது முக்கியமாக குளுட்டமேட் சம்பந்தப்பட்ட வேறொரு ஏற்பியைப் பிடிக்கிறது. 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் மயக்க மருந்தாக உருவாக்கியது. 1970இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் உடம்பு எங்கோ, நான் எங்கோ, நேரம் எங்கோ என்று கொஞ்ச நேரம் சிதறிப்போவது இதிலும் உண்டு. அந்த நேரத்தில் சுற்றி இருக்கிற எல்லாமே உள்ளே புகுந்துவிடும் என்பதும் உண்டு. நான் எழுதவந்தது அதைப் பற்றித்தான்.

முதல் இடத்தை அறை என்று சொல்வதே அதிகம். ஒரு நீள ஹாலில் மூன்று கட்டில், நடுவில் பச்சைத் துணித் திரை. என்னுடையது ஓரக் கட்டில். தலைமாட்டுக்குப் பின்னால் நடைபாதை, அதைத் தாண்டினால் கவுன்ட்டர், கவுன்ட்டரில் போன். மேலே நேராக டியூப்லைட். அதற்கு ஒரு அடி இடதுபுறம், ஏ.சி. டக்ட்டிலிருந்து காற்று வருகிற கிரில். படுத்ததும் என் கண் போனது அதன் மேல்தான். நான்கு ஸ்குரூ இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. ப்ளோயர் வேகம் கூடும்போதெல்லாம் அந்த நான்காவது மூலை தூக்கித் தூக்கி அடித்தது. டக், டக்டக், டக். உள்ளே டேம்பரை, அதாவது காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கிற தகட்டை, முழுக்கத் திறந்துவிட்டிருந்தார்கள். ஜில்லென்று காற்று நேராக என் இடது தோளில். என் பையன்கள் யாராவது இப்படி ஒரு வேலையை முடித்துவிட்டு வந்திருந்தால் அன்றைக்கே திரும்ப அனுப்பியிருப்பேன்.

சும்மா படுத்திருக்கிறவனுக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். டிரிப்ஸ் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனதும் கதை வேறு. உதடு மரத்தது. விரல்கள் தூரத்தில் யாருடையவையோ மாதிரி இருந்தன. அப்புறம் அந்த டக் டக் சத்தம் கிரிலை விட்டு இறங்கி வந்தது. எப்படிச் சொல்வது? அது ஒரு சத்தமாக இல்லை. நான் இருக்கிற இடமாக ஆகிவிட்டது. தகர டக்ட்டுக்குள் நான் முழங்காலில் ஊர்ந்துபோகிறேன், முன்னால் வளைவு, அதைத் தாண்டினால் இன்னொரு வளைவு, தோளில் பனிக்காற்று. தொழில் செய்கிறவன் கனவிலும் தொழில்தான் வரும் போலிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிபி மெஷின் தானாகக் கையை இறுக்கியது. கெட்டமின் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அது அவசியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டக்ட்டுக்குள் ஊர்ந்துகொண்டிருப்பவனுக்கு, இருட்டில் யாரோ மேல்கையைப் பிடித்து இழுக்கிற மாதிரித்தான் அது இருந்தது. திரைக்கு அந்தப்பக்கம் ஒருவர் போனில், "நாளைக்குள்ள டெலிவரி ஆயிடும்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஒரு வருடம் நீடித்தது.

இரண்டாவது அமர்வில் நடந்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவாள். பாதி டிரிப்ஸ் ஏறியிருக்கும். தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் டியூப்லைட், அதற்கு நடுவில் ஒரு முகம். "சார், இந்த ஃபார்ம்ல ஒரு சைன் விட்டுப்போச்சு." பேனாவைக் கையில் வைத்தார்கள். பேனா ஒரு ஏணி நீளம் இருந்தது. என் பெயரின் முதல் எழுத்தை ஆரம்பித்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கோடு போய்க்கொண்டே இருந்தது, நானும் அதன் பின்னாலேயே போனேன். யாரோ பேனாவைப் பிடுங்கியதும், பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம். எதையோ முடிக்காமல் விட்டுவிட்டேன், இனிமேல் முடிக்கவே முடியாது என்கிற மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் ராத்திரி வரை அது போகவில்லை.

மூன்றாவது தடவை லைட்டை அணைக்கமுடியுமா என்று கேட்டேன். மற்ற பேஷன்ட்டுகள் இருக்கிறார்கள் என்றார்கள். நியாயம்தான், ஒரே சுவிட்ச். மனைவி பையிலிருந்து துண்டை எடுத்து மடித்து என் கண்மேல் போட்டாள். "என்னங்க, நான் இங்கதான் இருக்கேன், கண்ணைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் காலருகில் உட்கார்ந்துகொண்டாள். அந்த மையத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான இருபது நிமிடம் அதுதான். வந்தது எங்கள் வீட்டுத் துண்டின் புண்ணியத்தால்.

மையம் மாறியதால் நடுவில் 9 நாள் இடைவெளி விழுந்தது. சும்மா இருக்கமுடியாமல் படிக்க ஆரம்பித்தேன். முதலில் தேடியது கெட்டமினோடு வரும் மருந்துக் குறிப்பை. அதிலேயே இருக்கிறது: மயக்கம் தெளிகிற நேரத்தில் வரும் குழப்பமும் பயக்கனவும் குறைய, நோயாளியிடம் பேசுவது, தொடுவது, கண்ணில் படுகிறவை, எல்லாவற்றையும் முடிந்தவரை குறைத்துக்கொள்ளலாம் என்று. அனஸ்தீசியாக்காரர்களுக்கு இது பழைய பாடம். மூன்றையும் ஒரே நிமிடத்தில் செய்து, கூடவே பேனாவையும் கொடுத்தவர்களை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

அங்கிருந்து பழைய கதைகளுக்குப் போனேன். இந்த வகை மருந்துகளின் ஆய்வில் மனநிலையையும் சூழலையும் சேர்த்து "செட் அண்ட் செட்டிங்" என்று ஒரு சொல் ஓடுகிறது. 1960களின் ஆரம்பத்தில் டிமோத்தி லியரி என்ற அமெரிக்க உளவியலாளர் பிரபலப்படுத்தியது. எனக்கு செட்டிங் என்றால் ரிமோட்டில் 24. இவர்களுக்கு அது அறை, வெளிச்சம், சத்தம், கூட இருக்கிற ஆள், அந்த ஊர் அந்த மருந்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது வரைக்கும்.

சொல் பிறக்கும் முன்பே விஷயம் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். மெக்சிகோவில் வவாட்லா மலைப்பகுதியின் மசாடெக் மக்கள் காளான் சடங்கை ராத்திரியில், இருட்டில், விடிய விடியப் பாடிக்கொண்டுதான் நடத்தினார்கள். மரியா சபினா என்ற பெண்மணி அப்படி நடத்திய ஒரு சடங்கில்தான் 1955இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் கலந்துகொண்டார். அவர் எழுதி வெளியானபின் காளான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இருட்டையும் பாட்டையும் பற்றிய பேச்சு அந்த அளவுக்குப் பரவவில்லை.

என்னை உட்காரவைத்தது கனடாக் கதை. 1950களில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் குடிநோயாளிகளுக்கு எல்எஸ்டி கொடுத்துப் பார்த்தார். சைக்கடெலிக் என்ற சொல்லையே 1957இல் உலகத்துக்கு அறிவித்தவர் அவர். ஆல் ஹப்பர்ட் என்ற ஒருவர், அவர் மருத்துவரே இல்லை, வந்து ஆஸ்பத்திரி அறையில் கொடுக்காதே, இசை போடு, படங்கள் வை, வசதியாகப் படுக்கவிடு என்று வழி காட்டினார். அந்தக் குழு நல்ல பலன் கிடைத்ததாகச் சொன்னது. டொரொன்டோவில் இன்னொரு குழு அதைச் சரிபார்க்க இறங்கியது. அவர்கள் கறாரான ஆய்வாளர்கள். சூழலின் தாக்கத்தை நீக்கிவிட்டு மருந்தை மட்டும் அளக்க நினைத்தார்கள். 30 நோயாளிகள்; 10 பேருக்கு எல்எஸ்டி, 10 பேருக்கு எஃபெட்ரின் என்ற ஊக்க மருந்து, 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. மருந்து கொடுத்தபின் நோயாளியைக் கட்டிலோடு பெல்ட் போட்டு வைத்தார்கள். 1966இல் முடிவு வெளியானது: எல்எஸ்டியால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது என் தொழில் சம்பந்தமானது. ஒருவர் போன் செய்து, "ஒன்றரை டன் மெஷின் கூலிங் ஆகலை" என்றால் நான் முதலில் கேட்பது மெஷினைப் பற்றி இல்லை. அறை எத்தனைக்கு எத்தனை, மேற்குப் பார்த்த சுவரா, மேலே மொட்டைமாடியா, எத்தனை பேர் இருப்பீர்கள். மேற்கு வெயில் வாங்குகிற அறையில் திணறுகிற அதே மெஷின், நிழலான அறையில் குளிரில் நடுங்கவைக்கும். மெஷினை மட்டும் தனியாகப் பார்க்கிறேன் என்று நடுவெயிலில் கூரையே இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, குளிரவில்லை என்று ரிப்போர்ட் எழுதினால், அது பொய் ரிப்போர்ட் இல்லைதான். ஆனால் கூரையில்லாத இடமும் ஒரு இடம். பெல்ட்டும் ஒரு செட்டிங்தான். அவர்கள் சூழலை நீக்கவில்லை, ஒரு மோசமான சூழலைச் சேர்த்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்காக சஸ்காச்சுவான் குழு சொன்னதெல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான குழு இருக்கவில்லை.

ஆஸ்மண்டோடு சேர்ந்து வேலை பார்த்த ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்தார், கியோ இசுமி. மனநல மருத்துவமனை வடிவமைக்கும் பொறுப்பு வந்தபோது, நோயாளிக்கு அந்தக் கட்டடம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவரே எல்எஸ்டி எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தார். அலமாரியின் இருட்டு மிரட்டியது. கட்டில் உயரமாக இருந்ததால் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. கடிகாரமும் காலண்டரும் இல்லாததால் நேரம் உறைந்துபோனது. இப்படிப் பார்த்ததையெல்லாம் வைத்து யார்க்டன் என்ற ஊரில் மருத்துவமனை கட்டினார். கால் தரையில் படவில்லை என்ற அந்த ஒரு குறிப்புக்காகவே அவரைக் கும்பிடலாம். முதல் மையத்தில் என் காலும் தரையில் படவில்லை. இறங்கும்போது தரை எங்கே என்று தேடித் தேடித்தான் இறங்கினேன்.

சரி, இரண்டாவது இடம்.

தனி அறை. பெரிதில்லை, பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். சாய்வு நாற்காலி, நன்றாகப் பின்னால் சாய்வது. நிமிர்த்தினால் கால் தரையில் படும் (முதலில் பார்த்தது அதைத்தான்). மூலையில் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு டேபிள் விளக்கு. சுவரில் கடிகாரம், ஆனால் சத்தம் போடாத கடிகாரம். பிபி மெஷின் இங்கேயும் உண்டு, ஆனால் பீப் சத்தத்தைக் குறைத்து, திரையை நோயாளிக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார்கள். கையெழுத்து எல்லாம் ஊசி போடுவதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள்.

அப்புறம் நர்ஸ். ஐம்பது வயதிருக்கும். டிரிப்ஸ் ஆரம்பிப்பதற்கு முன் கால் மணி நேரம் என் எதிரே உட்கார்ந்து பேசினார். "போன தடவைங்க எப்படி இருந்துச்சு? எது தொந்தரவா இருந்துச்சு?" சொன்னேன். "நடுவுல பயந்துட்டீங்கன்னா நான் கையைப் பிடிக்கலாமா, வேண்டாமா?" இப்படி ஒரு கேள்வியை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிடிக்கலாம் என்றேன். "பிபி கஃப் இறுக்கும்போது நான் இந்தப்பக்கத் தோள்ல லேசா விரல் வைப்பேன், அப்ப மெஷின்தான்னு உங்களுக்குத் தெரியும்." இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, அந்தக் கட்டிலில் படுத்திருப்பது யார் என்று யோசித்தால் போதும். ஆனால் யாராவது யோசிக்கவேண்டும்.

அங்கேயும் காற்று வருகிற கிரில் நாற்காலிக்கு நேரே இருந்தது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு முடியும்னா மாத்திக்கோங்க" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். ஏறி டேம்பரைக் கால்வாசிக்கு மூடி, இறகுகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். நோயாளி ஸ்டூல் மேல் ஏறி ஏ.சி.யைச் சரிசெய்யும் காட்சியை டாக்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

குறையும் உண்டு. கண்கட்டு மட்டமான சரக்கு. பின்பக்க வெல்க்ரோ முடியைப் பிடித்து இழுத்தது. அடுத்த தடவை நானே வேறு வாங்கிக்கொண்டு போனேன். அறையில் ஏதோ வாசனை எண்ணெய் வைத்திருந்தார்கள், லேசாகத்தான், ஆனால் மருந்து ஏறியதும் அது லேசாக இல்லை. எடுக்கச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். எதிர்ச் சுவரில் சூரிய உதயத்தோடு ஒரு பொன்மொழி. கண்கட்டு போட்டபின் அது யாரையும் தொந்தரவு செய்யாது, அதனால் விட்டுவிடலாம்.

இசை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஹெட்ஃபோனில் அவர்களுடைய தொகுப்பு ஓடியது. முதல் பாதி நீளநீளமான ஒலிகள், தாளமே இல்லை, அது பரவாயில்லை. நடுவில் ஒரு புல்லாங்குழல் வந்து கெஞ்ச ஆரம்பித்தது பாருங்கள், நெகிழ்ந்தே ஆகவேண்டும் என்று மிரட்டுகிற மாதிரி. எனக்கு ஆகவில்லை. அடுத்த அமர்வில் அதை நீக்கிவிட்டார்கள். எந்த இசை நல்லது என்று ஆய்வாளர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புகைப்பழக்கத்தை விடுவதற்கான சைலோசைபின் ஆய்வில், மேற்கத்தியச் செவ்வியல் இசையையும், கிண்ண மணி, காங் மாதிரியான கருவிகளின் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். 10 பேர்தான். இரண்டுக்கும் நடுவில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. கடைசி அமர்வுக்கு எது வேண்டும் என்று கேட்டபோது 6 பேர் மணியோசைப் பக்கம் போனார்கள். அதே பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2008இல் எழுதிய பாதுகாப்பு வழிமுறைகளில், அறை வீட்டு வரவேற்பறை மாதிரி இருக்கட்டும், ஆஸ்பத்திரி மாதிரி வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

நான்காவது அமர்வில் மறுபடியும் டக்ட் வந்தது. வராமல் எங்கே போகும்? ஆனால் இந்தத் தடவை நான் ஊர்ந்துபோகவில்லை. காற்றாகவே போனேன். வளைவு வந்தால் வளைந்தேன். எங்கேயோ ஒரு அறையில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் மேல் நேராக விழாமல் சுவரோரமாக இறங்கினேன். இதை எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குக் கண்கட்டு நனைந்திருந்தது. ஒருமுறை பயம் எட்டிப் பார்த்தது, தோளில் விரல் பட்டது, மெஷின்தான் என்று தெரிந்தது, போய்விட்டது.

இனி நியாயமாக என் மேலேயே வழக்குப் போட்டுக்கொள்கிறேன். இரண்டாவது இடம் நன்றாக இருந்ததற்கு அறைதான் காரணமா? நான்காவது தடவை என்பதால் பழகியிருக்கலாம். மருந்தே அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருக்கலாம். 9 நாள் உட்கார்ந்து சூழல் சூழல் என்று படித்துவிட்டுப் போனவன், நல்ல அறையைப் பார்த்ததும் நல்லதை எதிர்பார்க்காமல் இருப்பானா? ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவத்தில் ஆரம்பத்தில் 19 இருந்தேன், 3 அமர்வு முடிந்து 15, 6 முடிந்து 8. இதில் எது அறைக்கு, எது மருந்துக்கு, எது நர்ஸுக்கு, எது துண்டுக்கு? பிரிக்கமுடியாது.

எதிர்பார்ப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு மான்ட்ரியலில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, 2020இல் வெளியானது. படைப்பாற்றலைப் பற்றிய ஆய்வு என்று சொல்லி 33 மாணவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அறையில் ஓவியம், வண்ண விளக்கு, இசை, நடுவே நடிப்பதற்கென்று ஆட்கள். மாத்திரையில் மருந்தே இல்லை. 61 சதவீதம் பேர் ஏதோ ஒன்று நடந்தது என்றார்கள். சிலர் ஓவியம் அசைகிறது என்று சொன்னார்கள். மருந்தே இல்லாமல் அறையும் எதிர்பார்ப்பும் மட்டும் இவ்வளவு செய்யும்.

அதற்கு நேர் எதிராக இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டில் 2023இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ள 40 பேருக்கு, வேறு அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருக்கும்போது, பாதிப்பேருக்கு கெட்டமின், பாதிப்பேருக்கு உப்புநீர். மயக்கத்தில் இருப்பவனுக்கு அறையும் இல்லை, கிரிலும் இல்லை, எதைக் கொடுத்தார்கள் என்பதும் தெரியாது. இரண்டு குழுவுக்கும் மனச்சோர்வு குறைந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கெட்டமின் வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமா? அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மயக்க மருந்துகள் குறுக்கே வந்திருக்கலாம், அனுபவமே தேவைப்பட்டிருக்கலாம், யாரோ அக்கறையாகக் கவனித்துக்கொண்டார்கள் என்பதே பாதி வைத்தியமாக இருந்திருக்கலாம். டாக்டரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார். டாக்டர்கள் நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆனால் பயத்தின் விஷயத்தில் அறைக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. சைலோசைபின் கொடுத்து நடந்த 23 ஆய்வுகள், 261 பேர், எல்லாவற்றையும் சேர்த்து 2012இல் ஒரு சுவிஸ் குழு அலசியது. யாருக்குப் பதற்றம் அதிகம் வந்தது என்று பார்த்தால், மூளையைப் படம்பிடிக்கிற PET ஸ்கேன் எடுக்கிற சூழலில் மருந்து வாங்கியவர்களுக்கு. மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக ஆளை மெஷினுக்குள் தள்ளுகிறோம், தள்ளியதாலேயே நடப்பது மாறிவிடுகிறது.

நல்ல அறை இருந்தால் எதுவும் ஆகாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1962இல் பாஸ்டனில் வால்ட்டர் பான்கே என்பவர் புனித வெள்ளியன்று தேவாலயத்திலேயே 20 இறையியல் மாணவர்களை வைத்து ஆய்வு நடத்தினார். 10 பேருக்கு சைலோசைபின். பக்தர்களுக்குத் தேவாலயத்தைவிட நல்ல சூழல் வேண்டுமா? பெரும்பாலானவர்கள் வாழ்நாள் அனுபவம் என்றார்கள். ஒரு மாணவர் வெளியே ஓடிப்போய், பிடித்துவந்து ஊசி போட்டு அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

2025இல் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. ஆய்வு வெளியிடும்போது அறை, வெளிச்சம், இசை, கூட இருந்த ஆட்கள், முன்தயாரிப்பு என்று சூழலைப் பற்றி என்னென்ன எழுதவேண்டும் என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 30 அம்சங்களை ஒத்துக்கொண்டு வெளியிட்டார்கள். இத்தனை வருடமாக மி.கி. கணக்கைப் புள்ளி தவறாமல் எழுதிவிட்டு, ஆளை எங்கே படுக்கவைத்தோம் என்பதை ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். அறை அளவு எழுதாமல் டன் மட்டும் எழுதிய கொட்டேஷனை நான் கொடுத்தால் என்னை யாரும் வாசலில் சேர்க்கமாட்டார்கள்.

ஆக, இரண்டாவது இடத்துக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது வெல்க்ரோவுக்கும் புல்லாங்குழலுக்கும். முதல் இடத்துக்கு மருத்துவத்தில் நான்கு, அறையில் ஒன்று. அந்த ஒன்றும் சுத்தமாக வைத்திருந்ததற்கு. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் டாக்டரின் தகுதியையும் அவசர வசதியையும் கட்டாயம் பாருங்கள், அதோடு ஒரு நாள் முன்பே போய் அந்தக் கட்டிலில் ஐந்து நிமிடம் மல்லாக்கப் படுத்துப் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். நின்று பார்த்தால் தெரியாது. நாம் நிற்கப்போவதில்லை.

ஆறாவது அமர்வு முடிந்தபின் ஃபைலைப் புரட்டிக் காட்டினார்கள், பழைய இடத்திலிருந்து வந்த காகிதங்களும் அதில் இருந்தன. அந்தக் கையெழுத்து அங்கே இருந்தது. என் பெயரின் முதல் எழுத்து, அதிலிருந்து ஒரு கோடு கிளம்பி, கட்டத்தைத் தாண்டி, அச்செழுத்துகளின் மேலேறி, காகித ஓரம்வரை போயிருந்தது. மனைவி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் ஒரு வேலை முடித்துத் திரும்பும் வழியில் முதல் மையத்துக்குப் போனேன். வயரிங் வேலை முடிந்திருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், ஓரக் கட்டிலுக்கு மேலே கிரில் ஆடுகிறது, ஐந்து நிமிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்" என்றார். அந்த நிலையில் யார் பண்ணுவார்கள்? ஏணி வைத்து ஏறி, ரப்பர் வாஷர் போட்டு நான்காவது ஸ்குரூவை முடுக்கி, டேம்பரைப் பாதிக்கு மூடினேன். ப்ளோயரை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, காலணியைக் கழற்றிக் கட்டிலில் ஏறிப் படுத்துக் கேட்டேன். சத்தமில்லை. கவுன்ட்டரில் போன் அடித்தது.